முழங்கால் தண்ணி

வள்ளத்திலிருந்து குதிப்பதற்கு முன் மச்சான் கடைசியாகச் சொன்னது, "முழங்கால் தண்ணிதானே!" என்பதுதான். கடைசி என்றதும் பயப்பட வேண்டாம், ஆள் நல்ல சுகமாக ரொறன்ரோவில் இருக்கிறார். அதற்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். அவருடைய இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் அது ஒரு சாதனை என்று தங்கச்சி பிறகு சொன்னாள்.

யாழ்ப்பாணத்து அராலிக் கரையிலிருந்து வெளிக்கிட்டு வேலணைத் தீவுப் பக்கம் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பத்தொன்பதடி பைபர் வள்ளம். ஓட்டிய அண்ணையோடு சேர்த்துப் பதினொரு பேர். லைஃப் ஜக்கெற் போட்டிருந்தவன் ஒருவன்தான், தங்கச்சியின் மகன், பதினெட்டு வயது. கனடாவிலிருந்து தன் பெட்டிக்குள் மடித்துக் கொண்டுவந்த நீலநிற ஜக்கெற். காலையிலிருந்து மற்ற எல்லோருமாகச் சேர்ந்து அவனைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தோம். "தம்பி, இது பசுபிக் சமுத்திரமில்லை, பரவைக்கடல்." அதைச் சொன்னவன் நான்தான். ஆழமில்லாத கடல்நீரேரியைத்தான் எங்கள் ஊரில் பரவைக்கடல் என்போம்.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது என்று சின்ன வயதில் சமூகக்கல்விப் பாடத்தில் படித்தோம். முழுக்க உண்மையில்லை, வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. மாரி பெய்தால் ஓடும், கோடையில் அதற்குள் மாடு மேயும். தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று வயல்களுக்கூடாக வளைந்து வந்து அராலியில் கடல்நீரேரியோடு சேருகிறது. உப்புத் தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் இருக்க அங்கே ஒரு தடுப்பணை. அரியாலையிலும் தொண்டைமானாற்றிலும் இதேபோல இருக்கின்றன. உள்ள கடல்நீரேரிகளையே நன்னீராக்கி ஆறு செய்துவிடலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் திட்டம் போட்டார். அதற்கு வைத்த பெயரே 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு'. ஆறுக்கு அவ்வளவு ஏங்கிய ஊர் இது. ஓடுகிற தண்ணீர் என்ன செய்யும் என்பது எங்கள் உடம்புக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் கிணறு, கேணி, பிறகு இந்தப் பரவைக்கடல். அதுவும் பெரும்பகுதி ஆளளவு ஆழம்கூட இல்லாதது. வெள்ளைக் கொக்கு கரையிலிருந்து அரை மைல் தள்ளி நின்றுகொண்டு மீன் பிடிக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு 'கடல் ஆழம்' என்ற பயம் எப்படி வரும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் வயதுக்காரர் இந்தக் கடல்நீரேரியை நடந்து கடந்தவர்கள். யுத்தத்தால் ஆனையிறவுப் பாதையும் சங்குப்பிட்டிப் பாதையும் மூடப்பட்டிருந்த காலத்தில் கொம்படி, ஊரியான் பக்கத்தால் சைக்கிளையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு சனம் தண்ணீருக்குள்ளால் போனது. அதுவும் சரிவராமல் போக, கிளாலியால் வள்ளத்தில். 1993இல் அப்பாவின் கண் சத்திரசிகிச்சைக்காக நாங்கள் கிளாலியால் போனோம், எனக்குப் பத்து வயது. முன்னுக்கு ஒரு இயந்திர வள்ளம், அதன் பின்னால் கயிற்றில் கோத்த மாதிரி மற்ற வள்ளங்கள். இரவு, வெளிச்சம் இல்லை. பீடி பற்றவைத்த கிழவர் ஒருவருக்கு நாலு பேர் ஒரே நேரத்தில் ஏசினார்கள். வள்ளத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, வெட்டின தகரப்பேணியால் யாரோ இறைத்துக்கொண்டே வந்தார். அம்மா என் தலையைத் தன் மடிக்குள் அமுக்கி வைத்திருந்தா. அந்த வள்ளத்தில் எத்தனை பேர் ஏற்றலாம் என்று யாரும் கேட்கவில்லை. லைஃப் ஜக்கெற் என்றொரு பொருள் உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பயம் தண்ணீரைப் பற்றியதில்லை. கடற்படைப் படகு வருமா என்பதுதான் பயம். அதே வருடம் சனவரியில் அந்தப் பாதையில் சனம் சுடப்பட்டுச் செத்திருந்தது.

அப்படிக் கடந்து பிழைத்தவர்களுக்கு ஒரு அலட்சியம் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். "நாங்கள் கிளாலியே கண்டனாங்கள், இதென்ன?" என்ற கதை. கிளாலியில் நாங்கள் பிழைத்தது கெட்டித்தனத்தால் இல்லை. ஆனால் முப்பது வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் கெட்டித்தனம் மாதிரித்தான் தெரிகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனது. தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், நீந்தியே திரும்பி வந்தார். அப்படிப்பட்ட கரையில் பிறந்த என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரில் நீச்சல் தெரிந்தவர் ஐந்தாறு பேர்தான் இருந்திருப்பார்கள். கடற்கரை முழுக்கக் கம்பிவேலி, காவலரண். கடற்தொழிலுக்கே பாஸ் எடுத்துப்போக வேண்டிய காலத்தில் யார் பிள்ளையைக் கடலில் நீந்தப் பழக்குவார்கள்? கடல் திறந்தபோது எங்களுக்கு முப்பது வயது. முழங்கால் தண்ணியில் நின்று படம் எடுக்கப் பழகினோம். நீந்தப் பழகவில்லை.

சரி, வள்ளத்துக்கு வருகிறேன்.

வெளிநாட்டுச் சொந்தங்கள் வருவது ஆடி, ஆவணியில். அவர்களுடைய பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான், நல்லூர்த் திருவிழாவும் அதையொட்டி வரும். எங்கள் பக்கத்தில் சோளகக் காற்று அடிக்கிற மாதங்களும் அவைதான். வைகாசியில் தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் தென்மேற்கிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் கொஞ்சம் அடங்கியிருக்கும், பத்து மணிக்குப் பிறகு ஏறும், பின்னேரம் பனையோலை கிழியும். அதாவது வருடத்திலேயே சின்ன வள்ளத்தில் உல்லாசமாகப் போக மிகவும் தோதில்லாத மாதங்களில்தான் எங்கள் உல்லாசப் பயணங்கள் எல்லாம் நடக்கின்றன. இதை நான் கண்டுபிடிக்க நாற்பது வயதும் ஒரு மச்சானும் தேவைப்பட்டது.

காலை ஆறு மணிக்கு வரச்சொன்னார் அண்ணை. நாங்கள் போனது ஒன்பது மணிக்கு. புட்டு அவிந்து முடியவில்லை, பெரியம்மாவுக்கு மாத்திரை எடுக்க மறந்துபோய்ப் பாதி வழியில் திரும்பியது, குளிர்ப்பெட்டிக்கு ஐஸ் வாங்க நின்றது, இப்படி ஒவ்வொன்றாக. அண்ணை வானத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், எங்களை எண்ணினார். "பிந்திப் போச்சுத் தம்பி. கன பேராயும் இருக்கிறியள். நாளைக்கு விடிய வாங்கோவன்" என்றார். நாளைக்குக் கீரிமலை, நாளையன்றைக்கு நெடுந்தீவு, அதற்கடுத்த நாள் கலியாண வீடு. மச்சான் அவரிடம், "அண்ணை, பிள்ளையள் ஆசையா வந்திட்டுதுகள், கிட்டத்தில ஒரு சுத்துச் சுத்திக் காட்டிப்போட்டு வருவம்" என்றார். கையில் கொஞ்சம் கூடவும் வைத்தார். அண்ணை மறுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் வேண்டாம் என்றதைக் கேட்காதவர்கள் நாங்கள்.

போகும்போது நல்ல சுகம். மீன் பிடிக்க நட்ட களங்கண்டித் தடிகளில் நீர்க்காகங்கள் செட்டை விரித்துக் காயப்போட்டிருந்தன. கடலட்டைப் பண்ணை வேலிகள் இப்போது எங்கே பார்த்தாலும். முந்தி திறந்து கிடந்த தண்ணீர் எல்லாம் தடியும் வலையுமாகப் பாகம் பிரித்த காணி மாதிரி ஆகிவிட்டது. அண்ணை அவற்றுக்கு நடுவால் ஓடைகளைப் பிடித்து ஓட்டினார். ஓடை என்றால் பரவைக்கடலுக்குள் கொஞ்சம் ஆழமாக இருக்கும் வழி. மேலேயிருந்து பார்த்தால் நிறத்தில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் தெரியும், பழகாத கண்ணுக்கு அதுவும் தெரியாது. வேலணைப் பக்கம் இறங்கிப் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். போத்தல் ஒன்றும் திறந்தார்கள். திரும்ப வெளிக்கிட்டபோது மணி ஒன்றரை.

காற்று பின்னாலிருந்து. அலை என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கும், ஒன்றரை அடிதான். ஆனால் ஆழமில்லாத தண்ணீரில் எழும்பும் அலைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. நீண்டு உருளாது, குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின் பின்னால் ஒன்று நெருக்கமாக வரும். வள்ளம் ஒன்றிலிருந்து எழும்புமுன் அடுத்தது வந்து பின்பக்கத்தில் மோதும். கனம் கூடி வள்ளம் தாழ்ந்திருந்ததால் ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு குடம் தண்ணீர் உள்ளே விழுந்தது. அதை ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

அறுந்து மிதந்த வலைக்கயிறு ஒன்று காற்றாடியில் சுற்றியது. இயந்திரம் ஒரு முக்கல் முக்கி நின்றது. அந்த நொடியிலிருந்து எல்லாமே மாறியது. ஓடிக்கொண்டிருக்கும்வரை வள்ளம் அலைக்கு ஒத்து ஓடுகிறது. நின்றதும் காற்று அதைப் பக்கவாட்டில் திருப்புகிறது. விலாவில் அலை அடிக்க அடிக்கச் சாய்ந்தது. உள்ளே நின்ற தண்ணீரெல்லாம் சாய்ந்த பக்கத்துக்கே ஓடி இன்னும் சாய்த்தது. அதுவரை விளையாட்டாக இருந்த அந்த நாலைந்து குடம் தண்ணீர் நடமாடும் ஒரு ஆளாக மாறிவிட்டது. எங்கே பாரம் போகக்கூடாதோ அங்கேயே போய் நின்றது. அதைக் கண்டு நாங்கள் என்ன செய்தோம்? எல்லோரும் எழும்பினோம்.

"இருங்கோ! இருங்கோ! ஒருத்தரும் எழும்பாதேங்கோ! தட்டில, கீழ இருங்கோ!" அண்ணை கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. அப்போதுதான் மச்சான், வள்ளத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்து, அந்த இரண்டு சொல்லையும் சொல்லிவிட்டுக் குதித்தார்.

அது ஓடை. தண்ணீர் நெஞ்சளவு. அதைவிட, கீழே சேறு, குதித்த வேகத்தில் இரண்டு காலும் முழங்காலுக்கு மேல் புதைந்துவிட்டன. வள்ளம் அவருக்காக நிற்கவில்லை. காற்றுக்கு மனிதனைவிட வள்ளம்தான் பெரிய பாய், எங்களை இழுத்துக்கொண்டு போனது. அலை ஒவ்வொன்றாக அவர் முகத்தில் அடித்தது. அவர் கத்தவில்லை, கை காட்டவுமில்லை. தலையைப் பின்னால் சாய்த்து வாயை மேலே வைத்திருக்க முயன்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான். மூழ்குகிறவன் கத்துவான் என்பது சினிமா. மூச்சுக்கே இடமில்லாதவன் எந்தக் காற்றில் கத்துவது? பக்கத்தில் இருந்த பெரியம்மா, "அவர் பகிடி விடுறார்" என்றா.

அண்ணை செய்தது மூன்று காரியம். முதலில் அணியத்திலிருந்து, அதாவது வள்ளத்தின் முன்பக்கத்திலிருந்து, நங்கூரத்தைப் போட்டார். அது சேற்றைப் பிடித்ததும் வள்ளம் தானாகவே காற்றுக்கு முகம் கொடுத்துத் திரும்பியது, விலாவில் அடித்த அலை மூக்கில் பிளந்தது. பின்பக்கத்தால் நங்கூரம் போட்டிருந்தால் தாழ்ந்திருந்த பின்பக்கத்தால் தண்ணீர் ஏறி அங்கேயே அமிழ்ந்திருப்போம். பிறகு, குதிக்க எழும்பிய மருமகனைத் தோளில் அமுக்கி இருத்தினார்: "நீ இறங்கினா நான் ரெண்டு பேரைத் தேடோணும்." மூன்றாவதாக மச்சானைப் பார்த்துக் கத்தினார்: "நிக்காதேங்கோ! படுங்கோ! மல்லாந்து படுங்கோ! காலை ஆட்டி ஆட்டி எடுங்கோ!"

நிற்க முயலும்வரை சேறு விடவில்லை. படுத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. ஒரு செருப்பு அங்கேயே போய்விட்டது. எங்களை அவரிடமிருந்து பிரித்த அதே காற்று, நங்கூரத்தில் நின்ற வள்ளத்தை நோக்கி இப்போது அவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. மருமகன் மரக்கோலை நீட்டினான். பிடித்தார். ஏற்றும்போது பக்கத்தால் ஏற்றாமல் பின்னால் கொண்டுபோய், நாங்கள் எல்லோரும் முன்பக்கம் குந்தியிருக்க, அண்ணையும் மருமகனும் இழுத்தார்கள். மச்சான் தட்டில் கிடந்து இருமினார். பிறகு அண்ணை கத்தியை எடுத்து, இயந்திரத்தைத் தூக்கிக் கயிற்றை அறுத்தார். நாங்கள் தண்ணீர் இறைத்தோம். கரைக்கு வரும்வரை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

அன்று இரவு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தோம். மருமகன் அரைத் தமிழில் ஒரு விஷயம் சொன்னான். அவன் இரண்டு கோடையாகக் கனடாவில் வள்ளம் வலிக்கப் பழகியவன். அல்கோன்குயின் என்று ஒன்ராறியோவில் ஒரு பெரிய மாகாணப் பூங்கா, பொது நிலம், ஏரியும் ஆறுமாக. "மாமா, அந்த அண்ணை படுக்கச் சொன்னார்தானே? எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்தது அதுதான்." ஓடும் ஆற்றில் விழுந்தால் எழும்பி நிற்கவே கூடாது. கல்லிடுக்கில் பாதம் மாட்டிவிட்டால் பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளை முன்னால் மடித்து அமுக்கிவிடும், இடுப்பளவு தண்ணீரே போதும். மல்லாந்து படுத்து, காலை நீரோடும் திசைக்கு நீட்டி, விரல் மேலே தெரிய மிதக்க வேண்டும். கல் வந்தால் காலால் உதைக்கலாம். விழுந்து கிடக்கும் மரம் தண்ணீருக்குக் குறுக்கே இருந்தால் அதுதான் யமன், தண்ணீர் கிளைகளுக்கூடாகப் போய்விடும், ஆள் வடியில் தேயிலைச் சக்கை மாதிரி அகப்பட்டுப்போவான். அதற்கு மட்டும் திரும்பிக் குப்புற நீந்தி விலக வேண்டும். விலக முடியாவிட்டால் மரத்தின்மேல் பாய்ந்து ஏற வேண்டும்.

அராலிக்காரர் ஒருவரும் ஒன்ராறியோக்காரர் ஒருவரும் ஒருவரையொருவர் தெரியாமல் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. ஆறும் சேறும் வேறு, ஆனால் கால் மாட்டினால் நிற்காதே என்பது பொது.

அவன் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அந்த ஆறுகளில் பாய்ச்சல், அதாவது கல்லுகளுக்கூடாகத் தண்ணீர் வேகமாக இறங்கும் இடம், வருமுன் கரையில் ஒரு மஞ்சள் பலகை இருக்குமாம். அதில் இறங்கி, வள்ளத்தைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு காட்டுப்பாதையால் நடந்து, பாய்ச்சல் முடிந்த இடத்தில் மறுபடி இறக்கலாம். பாய்ச்சல்களை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரித்திருக்கிறார்கள். ஒன்று பிள்ளை விளையாட்டு, ஆறு கிட்டத்தட்ட தற்கொலை. தரம் என்னவென்று தெரிந்தாலும் முதலில் கரையேறி நடந்துபோய்க் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவதா தூக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். மழைக்குப் பிறகு அதே பாய்ச்சல் வேறு பாய்ச்சல். குழுவில் ஒருவர் வேண்டாம் என்றாலும் தூக்குவதுதான் வழக்கமாம். "வெக்கமில்லையோடா?" என்று மச்சான் கேட்டார். அதுவரை பேசாமல் இருந்தவர். "என்னத்துக்கு வெக்கம் அப்பா? எல்லாரும்தான் தூக்குறது."

அந்தக் காட்டுக்குள் போத்தலும் தகரப்பேணியும் கொண்டுபோகத் தடை, ஒரு முகாமிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது என்றும் சொன்னான். எங்கள் பத்தொன்பதடி வள்ளத்தையும் அதற்குள் இருந்த பதினொரு பேரையும் சாராயப் போத்தலையும் நினைத்துப் பார்த்து ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை.

ஆறில்லாத ஊர் என்பதால் இதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை என்று நினைக்கலாம். ஆனால் மாரி வந்தால் யாழ்ப்பாணத்துப் பெடியள் எங்கே போகிறார்கள்? குளம் நிரம்பி வான் பாயுது என்று கேள்விப்பட்டதும் மோட்டார் சைக்கிளில் இரண்டு இரண்டு பேராக வன்னிக்கு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம். வான் பாயும் இடத்தின் அடிவாரம் பார்க்கப் பால்நுரை மாதிரி, இறங்கிக் குளிக்கச் சொல்லும். மேலிருந்து விழும் தண்ணீர் அடியில் போய், மேலால் பின்னோக்கிச் சுருண்டு, விழும் இடத்துக்கே திரும்பி வருகிறது. அதற்குள் அகப்பட்டால் மிதக்கும் கட்டையே வெளியே வராமல் உருண்டுகொண்டிருக்கும். நுரையில் பாதி காற்று, அதில் உடம்பும் சரியாக மிதக்காது. மருமகன் இதே சங்கதியைக் கனடாவின் சின்ன அணைக்கட்டுகளைப் பற்றிச் சொன்னபோது எனக்கு இரணைமடுதான் கண்ணில் வந்தது. 2018 மார்கழி வெள்ளத்தில் அதன் வான்கதவுகளைத் திறந்துவிட்டபோது கீழே என்ன நடந்தது என்று கிளிநொச்சிச் சனத்தைக் கேட்டால் தெரியும். கதவு திறக்கும் குளத்தின் கீழே இருக்கும் ஆற்றில், காலையில் பார்த்த ஆழம் மத்தியானத்துக்கு இராது. மழை உங்கள் தலையில் பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை.

கித்துள்கலவுக்கு ஒருமுறை அலுவலகச் சிநேகிதர்களோடு போயிருக்கிறேன், களனி ஆற்றில் றப்பர்ப் படகு விட. தலைக்கவசம், ஜக்கெற் இரண்டும் போடாமல் படகைத் தொடவிடமாட்டார்கள். பட்டியை அவர்களே இழுத்துக் கட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்ப்பார்கள். ஜக்கெற் நாடிக்கு மேல் வந்தால் மறுபடி கட்டு. அங்கே வாயை மூடிக்கொண்டு கீழ்ப்படிந்தேன். அதே நான் அராலியில் மருமகனைப் பகிடி பண்ணினேன். ஏனென்றால் அது அவர்களுடைய ஆறு, இது என் வீட்டுத் தண்ணீர்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகிறவர்களுக்கு ஜக்கெற் தெரியும். செம்மஞ்சள் நிறம், வாங்கின் மேலே கட்டித் தொங்கும், அல்லது ஏறும்போது கையில் தருவார்கள். அதை முதுகுக்குச் சாய்வாக வைப்பவர், இருக்கைக்கு மெத்தையாகப் போடுபவர், பிள்ளைக்கு நித்திரைக்குத் தலையணையாகக் கொடுப்பவர் என்று எல்லோரையும் கண்டிருக்கிறேன், மூன்றையும் நானே செய்துமிருக்கிறேன். இருந்து இருந்து உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு அமுங்கிப்போனால் அது வெறும் துணி. பெரியவருடையதைக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் ஜக்கெற் மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். கால்களுக்கு நடுவால் போகும் பட்டி அதற்காகத்தான். 'தேவைப்பட்டால் போடலாம்' என்பதும் நடக்காத காரியம். கவிழ்ந்த பிறகு தண்ணீருக்குள் ஜக்கெற் போட்டுப் பார்த்தவர்களைக் கேளுங்கள். மருமகன் எனக்கு அதைக் கீரிமலைக் கேணியில் செய்து காட்டச் சொன்னான். ஆழமில்லாத தண்ணீர், அலை இல்லை, அவசரமும் இல்லை. நான் ஒரு கையை நுழைப்பதற்குள் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன்.

இந்த ஊர் இதை அறியாத ஊரும் இல்லை. 2017 ஆவணியில் மண்டைதீவுக் கடலில் வள்ளம் கவிழ்ந்து ஆறு மாணவர்கள் போனார்கள். யாழ்ப்பாணம் முழுக்க வெள்ளைக்கொடி கட்டியது போல இருந்தது. 2021 நவம்பர் 23 காலையில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டுவதற்காகப் போட்டிருந்த மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றைக்கே இறந்தார்கள். இரண்டும் நடுக்கடலில் நடந்தவை அல்ல, கரை தெரியும் தண்ணீர். செய்தி பார்த்த அன்று நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். "ஐயோ பாவம், கவனமா இருந்திருக்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பேன். கவனம் என்றால் என்ன என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் ஒரு வரி சொல்லத் தெரிந்திராது.

இப்போது கொஞ்சம் தெரியும். முதல் நாளே காற்றைப் பார்ப்பேன். வளிமண்டலவியல் திணைக்களம் கடலுக்கென்று தனியாகச் சொல்லும் முன்னறிவிப்பை மீனவர் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று சட்டமில்லை. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவேன். அப்படிச் சொல்லாவிட்டால் பொலிசின் 119க்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ எடுப்பதற்குக்கூட எங்களைத் தேட ஆளிருக்காது. கைத்தொலைபேசியைப் பொலித்தீன் பையில் கட்டுவேன், அது பயணத்தில் தண்ணீருக்குள் விழுகிற முதல் ஆள். போத்தல் கரைக்கு வந்த பிறகுதான். இந்தக் கடைசி விதியைச் சொன்னதிலிருந்து எனக்குச் சில சிநேகிதர்கள் குறைந்திருக்கிறார்கள்.

சுண்டிக்குளத்துக்குப் போக வேண்டும் என்று மருமகனுக்கு ஆசை. பறவைக்காக 1938இலேயே சரணாலயமாக அறிவித்த இடம், 2015இல் தேசியப் பூங்கா ஆனது, நெடுந்தீவுப் பூங்காவும் அந்த வருடம்தான். பூநாரை பார்க்கிற காலம் மாரி, அவன் வருவதோ ஆடி. பொது நிலம் என்றதும் அங்கே யாரோ காவலுக்கு நின்று எங்களைக் காப்பாற்றுவார்கள் என்று எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். திணைக்களம் அனுமதிச்சீட்டுத் தரும், எல்லைப் பலகை வைக்கும். கனகராயன் ஆறு வந்து சேரும் அந்த வாவிக்குள் உங்கள் வள்ளம் நின்றுபோனால் நீங்களும் கொக்கும்தான். மாரியில் வா என்றேன். பல்கலைக்கழகம் இருக்கிறதாம்.

அவர்கள் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு, அராலிக்கே இன்னொரு தரம் போனோம். இம்முறை விடிய ஐந்தே முக்காலுக்கு. ஐந்து பேர், ஐந்து ஜக்கெற், யாழ்ப்பாண நகரில் நாலு கடை ஏறி இறங்கி வாங்கியவை. மச்சான் தன்னுடையதை வீட்டிலேயே போட்டுக்கொண்டு காருக்குள் இருந்தார். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு கரையில் நின்றார். தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது என்றுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் தென்மேற்குப் பக்கம் வானத்தின் அடியில் எதையோ கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கோப்பையில் மிஞ்சியதை மணலில் ஊற்றினார்.

"இண்டைக்கு வேண்டாம் தம்பி."

மச்சான் சரி என்றார். ஒன்றும் கேட்கவில்லை, கையில் எதுவும் வைக்கவில்லை. வழுக்கையாறு வந்து சேரும் இடத்தில், தடுப்பணைக் கட்டில் இருந்துகொண்டு, ஜக்கெற்றைக் கழற்றாமலே, கட்டிக்கொண்டு வந்த புட்டைச் சாப்பிட்டோம். எட்டு மணிவரைக்கும் காற்று வரவில்லை. எட்டரைக்கும் வரவில்லை. தங்கச்சி என்னைப் பார்த்தாள், நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஒன்பதே காலுக்குப் புட்டுச் சுற்றிவந்த வாழையிலை பறந்துபோய்த் தண்ணீரில் விழுந்தது.

"இனிச் சரியா இழுக்கும்" என்றார் அண்ணை, தலை நிமிராமல்.

மருமகன் இறங்கிப்போய் அந்த இலையை எடுத்துக்கொண்டு வந்தான். அங்கே முழங்கால் தண்ணிதான். போகுமுன் என்னுடைய மூங்கில் கம்பால் குத்திப் பார்த்துவிட்டுத்தான் போனான்.